சோறு வந்த வழி

யாழ்ப்பாணத்துச் சைவ இல்லங்களிலே தைப்பூசத் திருநாளுக்கு இரண்டு சிறப்புக்கள் உண்டு. ஒன்று புதிர் எடுத்தல். புதிதாய் விளைந்த நெல்லை வீட்டுக்குக் கொணர்ந்து, குற்றிச் சோறாக்கி, இறைவனுக்குப் படைத்தபின் குடும்பத்தார் ஒருங்கிருந்து உண்பர். நல்லூர்க் கந்தசுவாமி கோவிலுக்குரிய மறவன்புலவு வயலில், பூசத்துக்கு முதல் நாள் புதிர் அறுக்கும் வழக்கம் இன்றும் நடைபெற்று வருகின்றது. மற்றைய சிறப்பு ஏடு தொடக்குதல். குழந்தையை மடியில் இருத்தி, தட்டிலே பரப்பிய அரிசியில் அதன் சுட்டுவிரலைப் பிடித்து அகரம் எழுதுவிப்பர். விசயதசமியில் ஏடு தொடக்குவோரும் உளர். பூசத்தன்று தொடக்குவோரும் பலர்.

புது உணவின் தொடக்கமும் எழுத்தின் தொடக்கமும் இவ்வாறு ஒரே நாளில், ஒரே அரிசியின்மேல் நிகழ்கின்றன. ஆயின் அன்று எழுதிய எழுத்தை விடாது பற்றிக்கொண்ட நாம், எழுதிய அரிசியை மறந்துவிட்டோம். அகரம் எழுதிய குழந்தை பதின்மூன்று ஆண்டுகள் கல்வி கற்று, உயர்தரச் சோதனையில் சித்தியெய்தி வெளியேறும்பொழுதும், தான் நாள்தோறும் உண்ணும் சோறு எவ்வழியாக வந்தது என்பதை அறியாமலே வெளியேறுகின்றது. பிறரைக் குற்றங்கூறும் நோக்குடன் இதனை எழுதினோம் அல்லேம். இதிலே முதற் குற்றவாளி நாமே.

நாலாம் தரத்தில் ஒரு நாள்

2023 ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில் ஒருநாள், விடுப்பில் நின்ற ஆசிரியை ஒருவருக்குப் பதிலாக நாலாம் தர வகுப்புக்கு நாம் செல்ல நேர்ந்தது. மேல் வகுப்புக்களுக்குத் தமிழ் கற்பித்துப் பழகிய எமக்குச் சிறுவரை வசப்படுத்துவது எளிதாய் இருக்கவில்லை. கணக்குச் செய்யாது விளையாடிக்கொண்டிருந்த ஒரு பையனை நோக்கி, ஆசிரியர் பலரும் பெற்றார் பலரும் வழக்கமாகச் சொல்லும் ஒரு வசனத்தை நாமும் சொன்னோம்: “இப்படியே இருந்தால் கடைசியில் மண்வெட்டி பிடிக்கத்தான் போவாய்.” வகுப்பு சிரித்தது. நாமும் அதனை மறந்து அடுத்த பாடத்துக்குச் சென்றோம்.

அடுத்த பாடம் சுற்றாடல். “நாம் உண்ணும் சோறு எங்கிருந்து வருகின்றது?” என்று கேட்டோம். “குக்கரிலிருந்து” என்றாள் ஒரு சிறுமி. “கடையிலிருந்து” என்றனர் பலர். “கொழும்பிலிருந்து லொறியில் வருகிறது” என்றான் ஒருவன். நெல் என்னும் சொல்லைச் சொன்னவர் மூவர். அவர்களுள்ளும் ஒருவன், நெல் மரத்திலே காய்ப்பது என்றான். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் மாத்திரம் தலைகுனிந்தபடி ஒன்றும் பேசாதிருந்தான்.

மணி அடித்து யாவரும் சென்றபின் அவன் எம்மிடம் வந்தான். “சேர், எங்கட வீட்டில நெல்லு இருக்கு. அப்பா விதைக்கிறவர்” என்றான். “அப்படியானால் வகுப்பில் ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டோம். சிறிது நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்பு, “நீங்கள்தானே சேர், படிக்காட்டி மண்வெட்டி எண்டு சொன்னனீங்கள்” என்றான்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. திருக்குறளில் உழவு 104 ஆம் அதிகாரம். அதன் பத்துக் குறள்களையும் எத்தனையோ வகுப்புக்களுக்கு நாம் கற்பித்திருக்கின்றோம். பதம் பிரித்தோம், பொருள் உரைத்தோம், புள்ளிகள் இட்டோம். அவ்வளவும் செய்த வாயினாலேயே ஓர் உழவனின் மகனைத் தன் தந்தையின் தொழிலைச் சொல்ல நாணச் செய்துவிட்டோம்.

இன்னுமொன்றும் நினைவுக்கு வந்தது. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குச் சென்றபொழுது, நாமும் பெற்றாருடன் மழையில் நடந்து சென்ற சிறுவராய் இருந்தோம். முன்பின் அறியாத ஒரு கமக்காரர் வீட்டுத் தாழ்வாரத்தில் எமக்கு இடங் கிடைத்தது. விதைநெல்லுக்கென வைத்திருந்த மூட்டையை அவிழ்த்துக் குற்றி, அவ்வீட்டு அம்மையார் எமக்குக் கஞ்சி வார்த்தார். அந்தக் கஞ்சியைக் குடித்து வளர்ந்தவரே மண்வெட்டியை ஒரு தண்டனையாகக் கூறினோம்.

அறியாமை ஒன்று, இகழ்ச்சி மற்றொன்று

உணவின் பிறப்பிடத்தை அறியாமை எமது பிள்ளைகளுக்கு மாத்திரம் உரிய குறைபாடு அன்று. 1957 ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் திகதி, பி.பி.சி. தொலைக்காட்சி ஒரு காட்சியைக் காட்டியது. சுவிற்சர்லாந்தில் ஒரு குடும்பத்தார் மரங்களிலிருந்து ‘ஸ்பகெற்றி’ என்னும் மாவுணவைப் பறித்துக் கூடைகளில் இடுவதாக அக்காட்சி அமைந்திருந்தது. அது முட்டாள்கள் தினத்து வேடிக்கை. ஆயினும் அம்மரத்தைத் தாமும் வளர்ப்பது எவ்வாறு என்று வினவிப் பெரியவர்கள் பலர் அந்நிலையத்தோடு தொடர்பு கொண்டனர். கோதுமை மாவிற் செய்யும் பண்டம் மரத்திற் காய்ப்பதென நம்பிய அவர்களைவிட, நெல் மரத்திற் காய்ப்பதெனக் கூறிய எமது நாலாம் தரத்துச் சிறுவன் எவ்வகையிலும் தாழ்ந்தவன் அல்லன்.

அறியாமையை ஒரு பாடத்தினால் நீக்கிவிடலாம். இகழ்ச்சியை நீக்குவது அவ்வளவு எளிதன்று. ஏனெனில் அதனைக் கற்பிப்பவர்கள் நாமே. “படியாவிட்டால் மாடு மேய்ப்பாய்” என்பதைக் கேட்டு வளரும் பிள்ளை, பாலைத் தருவோரும் சோற்றைத் தருவோரும் தோல்வியுற்ற மனிதர் என்றே விளங்கிக்கொள்ளும். நெல்லின் வாழ்க்கையைப் படத்திற் காட்டி விளக்கியபின்னும் அவ்வெண்ணம் அப்பிள்ளையின் நெஞ்சில் அப்படியே இருக்கும். ஆதலின், உணவு எங்கிருந்து வருகின்றது என்னும் பாடம், உணவு யாரிடமிருந்து வருகின்றது என்னும் பாடமாகவே தொடங்கவேண்டும்.

ஆறு வாளி வயல்

மறுநாள் அந்த மாணவனின் தகப்பனாருக்குச் செய்தி அனுப்பினோம். மகன் ஏதோ தவறு செய்துவிட்டான் என்றெண்ணி அவர் அஞ்சியபடியே வந்தார். நடந்ததைச் சொல்லி வருத்தந் தெரிவித்தோம். அவர் நகைத்துவிட்டார். “மாஸ்ரர், அதுக்கென்ன? நானும் அவனுக்கு உதைத்தான் சொல்லுறனான். நான் பட்ட பாடு அவன் படக்கூடாது எண்டுதான் உங்களிட்டை அனுப்பிறன்” என்றார்.

இதற்கு மறுமொழி கூறுவது எமக்கு எளிதாய் இருக்கவில்லை. அவர் சொன்னவற்றிலே பொய் ஒன்றும் இல்லை. வானத்தை நம்பி விதைக்கவேண்டும். மழை பிந்தினாலும் நட்டம், மிஞ்சினாலும் நட்டம். 2021 ஆம் ஆண்டில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடுத்தபொழுது, அதனை அடுத்த பெரும்போக விளைச்சல் நாடெங்கும் பெரிதும் வீழ்ந்தது. நல்ல விளைச்சல் கிடைத்த ஆண்டிலோ, எல்லோரும் ஒரே வேளையில் அறுப்பதனால் விலை வீழ்கின்றது. கடனை அடைக்கவேண்டியவர் காத்திருந்து விற்க இயலாது. இவற்றையெல்லாம் அறிந்த தந்தை, தம் மகன் வேறு தொழிலுக்குச் செல்லவேண்டுமென விரும்புவதைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை.

“உங்கள் மகன் எத்தொழிலையும் செய்யட்டும். ஆயின் உங்கள் தொழிலைச் சொல்வதற்கு அவன் தலை குனியக்கூடாது. அதற்கு உங்கள் உதவி வேண்டும்” என்றோம். அவர் சற்று நேரம் மௌனமாய் இருந்தார். பின்பு, “என்ன செய்யவேணும்?” என்று கேட்டார்.

ஜப்பானிலே 2005 ஆம் ஆண்டில், உணவுக் கல்விக்கெனத் தனிச்சட்டம் ஒன்றை இயற்றினர். அந்நாட்டுப் பாடசாலைகளிலே சிறுவர் வாளியில் நெல் வளர்ப்பதும் உண்டு. அதனையே நாமும் செய்ய எண்ணினோம். புரட்டாதிக் கடைசியில், உடைந்த விளிம்புள்ள பழைய வாளிகள் ஆறு சேர்ந்தன. தகப்பனார் வயல்மண்ணும், மூன்றரை மாத நெல்லில் ஒரு பிடி விதையும் கொணர்ந்தார். விதையை ஓரிரவு ஊறவைத்து, முளை கட்டி, வாளிக்கு நான்கு பயிராக விட்டோம். வகுப்பாசிரியை மனமுவந்து பொறுப்பேற்றார். பின்வரிசைச் சிறுவனே ‘வயல் விதானை’ ஆனான். தண்ணீர் எவ்வளவு நிற்கவேண்டும், எது களை, எது பயிர் என்பனவற்றை அவனே சொன்னான். எமது ஐயங்களையும் அவனிடமே கேட்டுத் தெளிந்தோம்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பயிர் தூர் கட்டியது. மார்கழிப் பெருமழையில் ஒரு வாளி கவிழ்ந்தது. கதிர் பால்பிடித்த வேளையில் மற்றொரு வாளியை எலி அழித்தது. அன்று சில பிள்ளைகள் அழுதனர். “எங்கட வயலிலையும் இப்பிடித்தான்” என்று விதானை ஆறுதல் கூறினான். கதிர் சாய்ந்து பழுத்ததும், “இனித் தண்ணி விடக்கூடாது” என்று கட்டளையிட்டான். தைப்பொங்கல் கழிந்து ஒரு கிழமையில் எஞ்சிய நான்கு வாளிகளையும் அறுத்தோம்.

பிள்ளைகள் மணிகளை எண்ணினர். ஒரு கதிரில் நூற்றுக்கு மேற்பட்ட மணிகள் இருந்தன. ஒரு விதை இத்தனையாய்ப் பெருகியதைக் கண்டு வியந்தனர். பின்னர் நிறுத்தபொழுது வியப்பு வேறுவகையாயிற்று. நான்கு வாளி நெல்லும் 300 கிராமுக்குச் சற்று மேல். வீடொன்றிலிருந்து உரலும் உலக்கையும் கொணர்ந்து குற்றி, சுளகிற் புடைத்தபின் கிடைத்த அரிசி ஏறத்தாழ 200 கிராம். பெரியவர் ஒருவர் ஒரு வேளைச் சோற்றுக்கு 100 கிராம் அரிசி எனக் கொண்டால், மணிக்கணக்கில் அது சுமார் 5000. முப்பத்தைந்து பிள்ளைகள் மூன்றரை மாதம் காத்து வளர்த்த வயல், இருவருக்கு ஒரு வேளைச் சோறு! இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதியபொழுது வகுப்பில் ஓசை இல்லை. எத்தனை பக்கம் எழுதினாலும் நாம் உணர்த்தமுடியாத ஒன்றை அந்த இருநூறு கிராம் உணர்த்திற்று.

அரிசியைக் கஞ்சியாக்கித் தேங்காய்ப்பால் விட்டு ஆளுக்கு அரைக் கோப்பை வார்த்தோம். ஒருவரும் ஒரு பருக்கையேனும் மீதம் விடவில்லை. அன்று அப்பிள்ளைகளுக்கு எவரும் “வீணாக்காதே” என்று புத்தி சொல்லவும் இல்லை.

ஒரு தட்டின் பூகோளம்

நெல் ஒன்றை அறிந்தவுடன் பாடம் முற்றுப்பெறுவதில்லை. வீட்டிலே ஒருநாட் சாப்பாட்டை எடுத்து, அதன் ஒவ்வொரு பொருளும் வந்த வழியைப் பிள்ளைகளுடன் இருந்து வரைபடத்திற் குறித்துப் பாருங்கள். தேங்காய் பளையிலிருந்தோ, குருநாகல், புத்தளம் பகுதிகளிலிருந்தோ வந்திருக்கும். உப்பு ஆனையிறவிலோ, அம்பாந்தோட்டையிலோ, புத்தளத்திலோ வெயிலில் விளைந்திருக்கும். சின்ன வெங்காயம் எமது செம்மண் தோட்டத்தது. மைசூர்ப் பருப்போ, பெயரில் மாத்திரம் மைசூர். பெரும்பாலும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் கடல் கடந்து வருவது. நமது மூத்தோர் ‘அமெரிக்கன் மா’ என்றழைத்த கோதுமை மாவுக்கு உரிய கோதுமை இந்நாட்டில் விளைவதே இல்லை. கப்பலில் வந்து, பெரும்பகுதி திருகோணமலையில் அரைபடுகின்றது.

தேயிலைக் கோப்பைக்குள்ளும் ஒரு வரலாறு உண்டு. 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ரெயிலர் என்பார் கண்டியை அடுத்த லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அம்மலைகளைத் தோட்டங்களாக்கியோர், தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்து, மன்னாரிலிருந்து காடுகளினூடே கால்நடையாய்ச் சென்ற தமிழ்த் தொழிலாளர். அவர்களின் சந்ததியாரே இன்றும் கொழுந்து பறிக்கின்றனர். காலையில் தேநீர் பருகும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை இதனை அறிந்திருக்கவேண்டாமா?

கடலோரத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பின் ஆசிரியருக்கு அது பெரும்பேறு. வாடைக்காற்று எப்பொழுது எழும், சோளகம் எப்பொழுது வீசும், எந்தக் காற்றில் எந்த மீன் படும் என்பன அவர்களுக்கு வீட்டுப்பாடம். அவர்களை எழுப்பிச் சொல்லச் செய்யுங்கள். புத்தகத்தில் இல்லாத அறிவு தம்மிடம் உண்டென்பதை அப்பொழுதே அவர்கள் முதன்முதல் உணர்வர்.

வீட்டிலே செய்யக்கூடியவை

இதற்கெல்லாம் காணி வேண்டும், பணம் வேண்டும் எனப் பெற்றார் எண்ணவேண்டியதில்லை. பாடசாலை செல்லாத குழந்தையும் பயறு ஊறவைத்து முளைவிடுவதைப் பார்க்கலாம், முருங்கையிலை உருவலாம், அரிசி களையும்பொழுது கை வைக்கலாம். ஏழு, எட்டு வயதினர் பழைய சட்டியொன்றில் மிளகாயோ கீரையோ வளர்க்கலாம். பத்து வயதுப் பிள்ளையைத் திருநெல்வேலிச் சந்தைக்கோ மருதனார்மடத்துச் சந்தைக்கோ அதிகாலையில் அழைத்துச் செல்லுங்கள். கத்தரிக்காய்க்குக் கமக்காரர் பெற்ற விலை என்ன, கடையில் நாம் கொடுக்கும் விலை என்ன என்பதை அப்பிள்ளையே கேட்டறிந்து கணக்குப் பார்க்கட்டும்.

பனையைப்போலச் சிறுவருக்கு ஏற்ற ஆசிரியர் வேறில்லை. ஆவணி, புரட்டாதியில் விழும் பனம்பழத்தின் விதைகளைச் சேர்த்துப் பாத்தியில் அடுக்கி மண்ணால் மூடிவிட்டால், மழைநீரே அதற்குப் போதும். இடையில் ஒரு விதையைப் பிளந்து பூரான் தின்னலாம். தை, மாசியிற் கிழங்கு கிண்டலாம். அவித்துக் காயவைத்தாற் புழுக்கொடியல். அவியாது காயவைத்தால் ஒடியல். அதனை இடித்த மாவிற் கூழ். ஒரு விதையிலிருந்து மூன்று உணவுகள் பிறப்பதைக் கண்ணாரக் காணும் பிள்ளைக்கு அப்பாடம் ஒருகாலும் மறவாது.

பாலைப்பற்றிப் பேசும்பொழுது உண்மையையே பேசுங்கள். பெட்டியில் வரும் மாவுக்கு முன்னே ஒரு பசு இருக்கின்றது. அப்பசுவுக்கு ஒரு கன்று இருக்கின்றது. கன்றுக்குரியதில் நாம் பங்கு கேட்கின்றோம். பட்டிப்பொங்கலன்று மாட்டுக்கு மாலை சூட்டுவதன் பொருள் அதனால் விளங்கும். சிறுவர் உண்மையைத் தாங்கமாட்டார் என்பது பெரியோரின் கற்பனையே.

2022 ஆம் ஆண்டின் நெருக்கடியை நாம் எவரும் மறந்திருக்கமாட்டோம். பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றோம். அவ்வாண்டு ஆனி மாதத்தில் அரசாங்கமே வீட்டுத்தோட்டஞ் செய்வதற்கென்று தன் உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளித்தது. அன்று வேலியோரமெங்கும் மரவள்ளியும் பயிற்றையும் தழைத்தன. வரிசைகள் மறைந்ததும் பல வீடுகளிலே அத்தோட்டங்களும் மறைந்துவிட்டன. அச்சத்தினாற் செய்தது அச்சம் நீங்கியதும் நீங்கிற்று. அன்பினாலும் அறிவினாலும் செய்வதே நிலைக்கும்.

முடிவாக ஒரு செய்தி. கஞ்சி காய்ச்சிய நாளில், குற்றிய அரிசியில் ஒரு சிறங்கை எடுத்துச்செல்ல அனுமதி வேண்டும் என்று எமது விதானை கேட்டான். பூசத்தன்று தங்கைக்கு ஏடு தொடக்குகிறார்களாம். “உங்கள் வீட்டில் அரிசி மூட்டை மூட்டையாய் இருக்குமே?” என்றோம். “இருக்கு சேர். அது அப்பா விளைவிச்சது. இது நான் விளைவிச்சது” என்றான். கடதாசியில் மடித்துக் கொடுத்தோம்.

அவன் நாளை வைத்தியனாகலாம், பொறியியலாளனாகலாம், தந்தையைப்போல் உழவனாகலாம். எதுவாயினும் அவன் தந்தையின் பெயரையும் தொழிலையும் நிமிர்ந்து நின்று சொல்லுவான். பெற்றாரே, ஆசிரியரே, உங்கள் நாவிலும் அந்தப் பழைய மண்வெட்டி வசனம் இருக்குமாயின் இன்றே அதனை விட்டுவிடுங்கள். பிள்ளையின் முதலெழுத்துக்கு அரிசி தந்த கையை, அப்பிள்ளை இகழக் கற்பித்தல் கல்வி ஆகாது.